பக்கத்து வீட்டு ரேடியோ

ருவாண்டாவில் அன்றைக்கு நவநீதன் மட்டும் இருந்திருந்தால் அந்த எட்டு லட்சம் பேரும் செத்திருக்க மாட்டார்கள்.

இதை வேறு யாரும் சொல்லவில்லை. நவநீதனே சொன்னான், மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல்.

மனித உரிமை நாளுக்காகக் கல்லூரியில் நடந்த பேச்சுப் போட்டி. தலைப்பு, இனப்படுகொலைகளின் வரலாறு. ஆர்மீனியாவில் ஏறி, போலந்தில் இறங்கி, கம்போடியா வழியாக முள்ளிவாய்க்காலுக்கு வந்து, கடைசியில் ருவாண்டாவில் போய் நின்றான். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போய்வருகிற நேரம்கூட ஆகவில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பரிசு அப்போதே முடிவாகிவிட்டது.

கொன்றவனைக்கூட நவநீதன் அவ்வளவாகத் திட்டவில்லை. அவன் பிடித்து உலுக்கியது பக்கத்து வீட்டுக்காரனை. அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டதும் தன் வீட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டானாம் ஒருவன். அப்படியொருவன் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கைதட்டலுக்காக நவநீதனே பெற்று வளர்த்த பிள்ளை அவன்.

"அரிவாள் எடுத்தவனை மன்னித்தாலும் மன்னிப்பேன். ரேடியோவைத் திருகிய அந்த விரலை மன்னிக்க மாட்டேன்!"

அரங்கம் அதிர்ந்தது.

கேன்டீனில் நண்பன் அஜ்மீர்தான் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்.

"ஒங்க ஊர்ல ஒரு வீட்ட ஒதுக்கி வச்சிருக்காங்களாமே மாப்ள?"

"அது ஊர் விஷயம்டா. நான் பேசுனது உலக விஷயம்."

ஊர் விஷயம் இதுதான். ஊரில் சிலர் தடை செய்த சுருக்குமடி வலையைப் போட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று அந்த வீட்டுக் குணசேகரன் ஊரைக் கேட்காமல் அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டான். அன்று சாயந்திரமே கோயில் மைக்கில் அறிவிப்பு வந்தது. அந்த வீட்டோடு பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டது இல்லை. மீறினால் மீறியவன் வீட்டுக்கும் அதே கதிதான்.

ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் குணசேகரன் போனான். நீக்கிய அட்மின் நவநீதன். அதே குழுவில்தான் இன்றைக்கு "நம் ஊரின் மனித உரிமைச் சிங்கம்" என்று கோப்பையோடு அவன் படம் வந்திருந்தது.

குணசேகரன் பிழைப்புக்கு வேறு துறைமுகம் பார்த்துப் போய்விட்டான். வீட்டில் மனைவி வினிதாவும், ஐந்து வயது மகள் தமிழ்மொழியும்.

அந்த வீடு நவநீதன் வீட்டுக்கு அடுத்த வீடு. அடுத்தது என்றால், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர், அதுவும் கட்டியவர் மனசைப் போல மெலிசு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கமிருந்து "நூறாயுசு" என்பார்கள்.

தமிழ்மொழியைத் தினமும் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துப் பள்ளியில் விட்டவன் நவநீதன்தான். அறிவிப்புக்குப் பிறகு வண்டியைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறான். சத்தம் கேட்டால் அது புத்தகப் பையோடு ஓடி வந்துவிடும்.

சாயந்திரம் கோப்பையை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, பேச்சின் வீடியோவை டிவியில் போட்டான்.

அப்பா மாணிக்கவேல் ஊர்ப் பஞ்சாயத்தார்களில் ஒருவர். ருவாண்டா எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரன் கதை வந்ததும் உச்சுக்கொட்டினார்.

"மனுசனாடா அவன்?"

அப்போதுதான் சுவர் தட்டப்பட்டது.

"நவநீ... பாப்பாவுக்கு மூச்சு இழுக்குதுடா. ஒரு ஆட்டோவும் வரமாட்டேங்குது. ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டிய எடுடா தம்பி."

வினிதா தெருவில் வேறு எந்த வீட்டையும் கூப்பிடவில்லை. ஒரு வாரமாக நவநீதன் இந்தப் பேச்சை மனப்பாடம் செய்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வரி விடாமல் கேட்டவள் அவள். அந்த நம்பிக்கைதான்.

அப்பா கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

அம்மா செல்லம்மா எழுந்து, ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

மறுபடி தட்டல். தட்டலுக்கு நடுவே, ஓட்டை விழுந்த விசிலை ஊதுவது போல ஒரு சின்ன மூச்சு.

டிவியில் இருந்த நவநீதன் கையை உயர்த்தி, ரேடியோவைத் திருகிய விரலுக்கு வந்துகொண்டிருந்தான்.

நாற்காலியில் இருந்த நவநீதனும் கையை நீட்டினான். சாவியைத் தாண்டிப் போன கை ரிமோட்டை எடுத்தது. கட்டைவிரல் ஒரே பொத்தானில் நின்றது. திரையின் அடியில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல நீண்டு, கடைசி வரை போய் முட்டியது.

கைதட்டல் தொடங்கியது. நல்ல பலமான கைதட்டல். வீடு முழுக்க அதுதான் கேட்டது.