பேயோட்டியின் கேள்வி

"இந்த ஃபைலை நான் தொட மாட்டேன். நீங்களே பேசுங்க" என்று பேயோட்டி சொன்னதும் எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தனக்குப் பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பேயோட்டி என்பது அலுவலகம் வைத்த பெயர். இணையவழிப் படிப்பு நடத்தும் அந்தக் கல்லூரியில், உதவித்தொகைப் பிரிவில் அவளுடைய வேலையே பேய்களை விரட்டுவதுதான்.

பேய் என்றால், இல்லாத மாணவர். திருடிய அடையாள அட்டையை வைத்துச் சேருவார்கள். ஒரே ஒரு கட்டுரையைக் கம்ப்யூட்டரிடமே எழுதி வாங்கி அனுப்புவார்கள். உதவித்தொகை கைக்கு வந்ததும் ஆள் அம்பேல்!

போன பருவத்தில் ஒரு வகுப்பில் நாற்பது இடத்துக்கு முப்பத்தொரு பேய். நிஜமாகப் படிக்க வந்தவர்கள் இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் அவள் அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தாள்.

முன்கூட்டிச் சொல்லாமல் வீடியோவில் கூப்பிட வேண்டும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நீங்கள் அனுப்பிய கட்டுரையில் தப்பு எங்கே இருக்கிறது?

பேய்க்குத் தன் கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. "தப்பே இல்லையே" என்று அடித்துச் சொல்லும், இல்லாவிட்டால் கேமராவை அணைத்துவிட்டு ஓடும். இந்தப் பருவத்தில் மட்டும் அறுபத்திரண்டு பேர் அப்படி ஓடியிருக்கிறார்கள். கல்லூரியே மெச்சிக்கொண்ட கேள்வி அது.

இன்றைக்குக் கூப்பிட வேண்டிய ஃபைல் எல்லா விதத்திலும் பேய் ஃபைல்தான். வயது ஐம்பத்தெட்டு. பள்ளியை விட்டு நாற்பது வருடம். ஃபோன் இணைப்பு வேறு ஒருவர் பேரில். பாடங்களைத் திறந்தது, கட்டுரை அனுப்பியது எல்லாமே மதியம் இரண்டிலிருந்து மூன்றுக்குள். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால்தான் இப்படி மணியடித்த மாதிரி நடக்கும். கம்ப்யூட்டர் சிவப்புக் கொடி போட்டுவிட்டது.

இந்த அழைப்பில் தோற்றால், ஆயுசுக்கும் இந்தக் கல்லூரியில் சேர முடியாது. அந்த விதியும் பேயோட்டி எழுதியதுதான்.

திரையில் ஓர் அம்மாள் வந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். முகத்துக்குக் குறுக்கே கையை அசைக்கச் சொன்னதும் அசைத்தார். கம்ப்யூட்டர் செய்த போலி முகமென்றால் கலைந்துவிடும்; இது கலையவில்லை. பிறந்த தேதியும் சேர்க்கை எண்ணும் பிசிறில்லாமல் வந்தன.

எதிர் மேசைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அம்மாளின் முகம் மாறியது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனவர்தான். நாற்காலி காலியாகக் கிடந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. திரை இரண்டு நிமிடம் காலியாக இருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும்.

எதிர் மேசைக்காரரின் விரல் மவுஸ் மேல் ஏறியது. அவர் பேயோட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவளோ கேமராவுக்கு எட்டாத மூலையில், கைகளைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கேள்விக்கு என்ன மரியாதை?

பத்து விநாடி பாக்கியிருக்கும்போது அம்மாள் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியும் ஒரு கோடு போட்ட நோட்டும் கையில் இருந்தன. நோட்டு முழுக்கப் பென்சில் அடித்தல் திருத்தல்.

"தப்புன்னா, எதைச் சொல்றது? ஏழு இடம் இருக்கு. ஆனா ரெண்டாவது பத்திதான் பெரிய தப்பு. அடம் பிடிக்கிற பிள்ளைய ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வரும்னு எழுதிட்டேன். அனுப்பினப்புறம் மனசு கேக்கல. என் பையனை நான் போட்டிருக்கேன். அவன் எங்க வழிக்கு வந்தான்? கூசாம பொய் சொல்லத்தான் கத்துக்கிட்டான். குழந்தைங்களுக்குப் பாடம் எடுக்கப் போறவ அப்படி எழுதலாமா? அதை அடிச்சிட்டு வேற எழுதி வெச்சிருக்கேன். படிக்கட்டுமா, சார்?"

படித்தார். எதிர் மேசைக்காரர் வாயைத் திறந்தபடி கேட்டார். கேட்டு முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

அழைப்பு முடிந்ததும் பேயோட்டி சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கியதை யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

எதிர் மேசைக்காரருக்கு இன்னும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆள் நிஜம்தான், அதுல ரெண்டு பேச்சில்ல. ஆனா அந்தப் பையன் கதை? அது நம்மள உருக வைக்கச் சொன்னதா இருக்குமோ?"

"சத்தியமான வார்த்தை. அந்தப் பையனோட நான் பதினோரு வருஷமாக் குடும்பம் நடத்துறேன்."

மூன்று நாளுக்கு முன் ஃபைல் வந்த அன்றே மேலதிகாரியிடம் விஷயத்தை எழுதிக் கொடுத்து ஒதுங்கிவிட்டாள். வீட்டில்தான் மூச்சு விடவில்லை. சிபாரிசு என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதென்று, சேர்ந்ததைப் பற்றி அத்தையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; மருமகள் ஆபீஸில் இருக்கும் மதிய நேரத்தில்தான் படித்திருக்கிறார். அந்த மூன்று நாளும் இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.