மந்திரக் கஷாயம்: இந்த வார அப்டேட்

என் புருஷன் சிவநேசன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே 'மந்திரக் கஷாயம்' என்றொரு கேமை உருவாக்கிக்கொண்டே இருக்கிறான். ரசிகர்களுக்கான வாராந்திர அப்டேட்டைக்கூட அவன் எழுதுவதில்லை. வீட்டில் காதில் விழுவதை வைத்து அவன் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏ.ஐ.யே எழுதிப் போட்டுவிடும். போன வாரம் அவனுக்குக் காய்ச்சலென்று சுக்குக் கஷாயம் வைத்து, "மூக்கைப் பொத்திக்கிட்டு குடிச்சுத் தொலை" என்றேன். "புதிய கஷாயம்! மூக்கைப் பொத்தினால் சக்தி இரட்டிப்பு" என்று அப்டேட் வந்தது. வேலையற்ற ஜென்மங்கள் ஹார்ட்டாகக் கொட்டின.

நேற்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நான் போறேன். இனிமே நீயே காய்ச்சிக் குடி" என்று கத்தினேன். ஹெட்போனைக் கழற்றாமலே "ம்" என்றான்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அப்டேட் வந்தது: "சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் சரிசெய்யப்பட்டது."

முதல் ஹார்ட் என் புருஷனுடையது.