மிஸ் ஒடெட்டின் வாய்

“நீ பாதியில ஓடிடுவேன்னு சேர்ந்த அன்னிக்கே நினைச்சேன்,” என்றார் மிஸ் ஒடெட். நீட்டிய விலகல் ஃபாரத்தை அவர் தொடக்கூட இல்லை.

மார்லா கிட்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லூரியின் உதவிப்பண அலுவலகத்தில் அவளுக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்திருக்கும்.

இப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். இறால் படகில் கயிறு இழுக்கும் இயந்திரத்தில் மாட்டிப் புருஷனின் வலது கை நசுங்கிப்போனது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஊர்க்கோடி நண்டு ஆலையில் காலை ஷிஃப்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்கே போகலாம், அடுத்த செவ்வாய்க்குள் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். வெல்டிங் படிப்பை விட்டே ஆக வேண்டும்.

“நான் ஓடல, மிஸ் ஒடெட். வழியில்லாமப் போறேன்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. வெல்டிங் பொம்பளைங்களுக்கு ஒத்து வராதும்மா. நெருப்பைப் பார்த்தா பயம். நேரா ஒரு கோடு இழுக்கத் தெரியாது. நண்டு உடைக்கிறதுதான் உனக்குச் சரி, போ.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“யாருக்குப் பயம்?” மார்லா குரலை உயர்த்தினாள். “வகுப்புல பன்னெண்டு ஆம்பளைங்க. அவங்கள்ல யாரும் என் அளவுக்குச் சுத்தமா ஒட்டினதில்ல. வாத்தியாரைக் கேட்டுப் பாருங்க.”

“நான் எதுக்குக் கேக்கணும்? போறவளைப் பத்தி எனக்கென்ன?”

“யார் போறா?”

மார்லா ஃபாரத்தை இரண்டாகக் கிழித்துக் கவுன்டரில் போட்டாள். கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடம் வந்த பிறகுதான் அழுகை வந்தது.

வீட்டில் புருஷன் கர்ட்டிஸ் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அந்தம்மா என்னமோ சொல்லிச்சுன்னு ஒரு வாரக் கூலிய விடறியா? இருக்கிற நிலைமைல உனக்கு வீம்பு வேறயா?”

“வீம்புதான். இந்த வாரம் முழுக்கப் போகப் போறேன். கடைசி நாள் வரைக்கும் என்னைவிட நல்லா ஒருத்தனும் ஒட்டக்கூடாது. அப்புறம் நானா விடறேன். அவ துரத்தி இல்ல.”

அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். “பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். ஒரு கை இருக்குல்ல,” என்றான்.

அந்த வாரம் அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒட்டினாள். திட்டியவரின் குரல் காதில் கேட்கக் கேட்கக் கை இன்னும் நிதானமானது. வாத்தியார் ஃபான்டெனோ அதிகம் பேசாதவர். வெள்ளிக்கிழமை அவள் ஒட்டிய இரும்பைத் தூக்கிக்காட்டி, “பசங்களா, இப்படி ஒட்டணும்,” என்றார்.

திங்கட்கிழமை காலையில் அந்த இரும்புத் துண்டை மிஸ் ஒடெட்டின் முன்னால் ‘டங்’கென்று வைத்தாள் மார்லா. பக்கத்தில் புது ஃபாரம்.

“பாத்துக்கோங்க. இது நேரா இருக்கா, கோணலா இருக்கா? நாளைக்கு நண்டு ஆலைக்குப் போறேன். என் புருஷன் கை சரியானதும் திரும்பி வருவேன். அப்பவும் இந்த நாற்காலியில நீங்க இருந்தா, இதே வாயால மன்னிப்புக் கேக்க வைப்பேன்.”

மிஸ் ஒடெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஃபாரத்தை எடுத்தார்.

“வெள்ளிக்கிழமை வகுப்பு முழுக்க இருந்தியா?”

“கடைசி நிமிஷம் வரைக்கும்.”

“நல்லது.” தேதி போட்டு முத்திரை குத்தினார்.

அடுத்த குத்தல் பேச்சுக்காகக் காத்திருந்தாள் மார்லா. வரவில்லை. அவளே கேட்டாள்.

“அரசாங்கம் குடுத்த உதவிப்பணத்துல நான் எவ்வளவு திருப்பிக் கட்டணும்? பாதியில போனவங்க எல்லாரும் கடன்ல மாட்டியிருக்காங்கன்னு நேத்து சர்ச்சுல சொன்னாங்க.”

“நீ ஒரு காசு கட்ட வேண்டாம்.”

“ஏன்?”

“படிப்புப் பருவத்துல அறுபது சதவீதம் தாண்டறவரைக்கும் வகுப்புல இருந்தா, பணம் முழுக்க உன்னோடது. அதுக்கு முன்னாடி போனா மிச்சத்தக் காலேஜ் அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்பணும். அப்புறம் அதுல பெரும்பங்க உன் தலையில கட்டிடுவாங்க.” மிஸ் ஒடெட் குரலைத் தாழ்த்தினார். “போன செவ்வாய்க்கிழமை நீ ஃபாரம் குடுத்திருந்தா மாட்டியிருப்பே. வெள்ளிக்கிழமையோட அந்த அறுபது சதவீத எல்லை தாண்டிடுச்சு.”

மார்லா கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மிஸ் ஒடெட்? ஒரு வாரமா உங்களச் சபிச்சுக்கிட்டிருந்தேனே.”

அவர் உள்ளே மேலதிகாரியின் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“விலக வர்றவங்களுக்கு யோசனை சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. ஃபாரத்த வாங்கணும், தேதி போடணும், அனுப்பணும். போன வருஷம் ஒரு பையன்கிட்ட ‘ஒரு வாரம் பொறுத்துக்கோ’ன்னேன். இன்னொரு தரம் சொன்னா வேலை போயிடும்னு எச்சரிச்சிட்டாங்க.”

இரும்புத் துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

“திட்டக்கூடாதுன்னு இன்னும் உத்தரவு போடல.”