நாற்பது நிமிடங்கள்

தினமும் பிற்பகல், ரேடியோ அலை வீசும் ஒரு விசித்திர நட்சத்திரம் உச்சிக்கு வரும் நாற்பது நிமிடங்களுக்கு, ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றியுள்ள ஊர்களில் செல்போன் முதல் காது கேட்கும் கருவி வரை எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். மீறுபவர்களைக் கண்டுபிடிப்பது என் வேலை.

போன வாரம் அந்த நேரத்தில் புதிதாக ஒரு சமிக்ஞை வந்தது. இன்னொரு நட்சத்திரம் என்று விஞ்ஞானிகள் இனிப்பே வாங்கிவிட்டார்கள். நான் ஜீப்பில் ஆன்டெனாவோடு மூன்று நாள் அலைந்து, அது ஜெபராணி என்ற பெண்ணின் இடது காதிலிருந்து வருவதைக் கண்டுபிடித்தேன்.

"அணைக்க மறந்துட்டீங்களாம்மா?"

"மொத நாளு மறந்துதான் போச்சு" என்றார். கணவர் பொன்னையா கொல்லையில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். "எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு இந்த மனுசன் பக்கத்துல உக்காந்து பேசுதாரு. முப்பது வருசமா என்ட்ட சொல்லாததெல்லாம் சொல்லுதாரு. அதுக்கப்புறம் அணைக்க மனசு வரல."

நோட்டீஸைக் குடும்பத் தலைவரிடம் கொடுப்பதுதான் விதி.

"அவர்ட்ட சொல்லிராதீங்க சார். பேச்ச நிறுத்திருவாரு."

ஜெபராணியிடமே கையெழுத்து வாங்கினேன். அந்த நாற்பது நிமிடமும் கருவி தானாக அணைந்துவிடும்படி செய்தேன். அறிக்கையில் 'கருவிப் பழுது, சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன்.

மறுநாள் சைரன் ஊதிய பிறகு அந்த வழியாகப் போனேன். வாசலில் பொன்னையா பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் ஜீப்பிலிருந்த எனக்கே கேட்டது. பக்கத்தில் ஜெபராணி குனிந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்காததுபோல் நடிக்கும் சிரமம் இனி அவருக்கு இல்லை.