மூன்றாவது கீறல்

கத்தி பட்டைக்குள் இறங்கியது. உள்ளே பச்சை.

வனக்காவலர் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மரத்தைச் சுற்றிப் போய், வெயில் நேரே விழும் பக்கத்தில் இன்னொன்று போட்டாள்.

அங்கேயும் பச்சை.

காலையிலிருந்து இதுதான் வேலை. மழை பொய்த்து மூன்றாவது வருடம். பட்டைக்குள் காய்ந்து பழுப்பாக இருந்தால் மரம் செத்துவிட்டது. சிவப்பில் பெருக்கல் குறி. ஈரமாகப் பச்சை தெரிந்தால் வெள்ளை வளையம். சிவப்பு விழுந்ததை ரம்பக்காரர் சாய்த்துவிடுவார்.

மற்ற மரங்களுக்கு ஒரே கீறல்தான். பார்த்தாள், குறி போட்டாள், நகர்ந்தாள்.

இந்த மரத்தடிக்கு வந்து கால்மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு வருடமாக இந்தப் பக்கமே வராமல் சுற்றுவழியில்தான் ரோந்து போனாள். இன்று வரிசைப்படி வந்ததில் தப்ப முடியவில்லை.

ரம்பக்காரர் போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

"என்ன மேடம், இதுக்கு மட்டும் இவ்வளவு யோசனை? பேருக்குக்கூட ஒரு இலை இல்ல. சிவப்பப் போட்டு விடுங்க, பத்து நிமிஷத்துல சாய்ச்சிடுறேன்."

போடலாம்தான். ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும், மொட்டையாக நின்றது என்று சொன்னால் போதும். சிவப்பு டப்பாவின் மூடி திறந்தே இருந்தது. தூரிகையைத் தோய்த்தும் வைத்திருந்தாள்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வேருக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தாள்.

பழுப்பாக இருந்துவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மூன்றாவது கீறல். விரலை வைத்துப் பார்த்தாள். ஈரம் பிசுபிசுவென்று ஒட்டியது.

விரலை மண்ணில் தேய்த்துத் துடைத்தாள். பிறகு சிவப்பு டப்பாவை இறுக்கி மூடிவிட்டு, வெள்ளையைத் திறந்தாள்.

"சாகலண்ணே. தண்ணி பத்தலேன்னா முதல்ல இலையெல்லாம் கொட்டிடும். அப்பவும் சமாளிக்க முடியலேன்னா கிளையையே கழட்டி விட்டுடும். எப்படியாவது பொழைச்சிக்கத்தான்."

வளையம் ஒரு சுற்று முழுதாக வரும்வரை தூரிகையை எடுக்கவில்லை.

ரம்பக்காரர் அண்ணாந்து பார்த்தார். இரண்டாள் உயரத்துக்கு மேலே, கிளை முறிந்த இடம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் புதுப்பட்டை தடித்து மடிந்து, காயத்தை மூட ஆரம்பித்திருந்தது.

"அடேயப்பா! எம்மாம் பெரிய கிளை. நல்லவேளை, விழும்போது கீழ யாரும் நிக்கல."

"நின்னாரு," என்றாள் அவள். தூரிகையைத் துணியில் துடைத்தாள். "காத்தே இல்லாத பகல். சாப்பிடலாம்னு நிழலுக்கு ஒதுங்கியிருக்காரு. எங்க வீட்டுக்காரர்தான். அவர் பாத்த வேலையத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க."

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த மரம் செத்திருந்தது. சிவப்பு போட்டுவிட்டு விலகி நின்றாள்.

ரம்பக்காரர் மெஷினைக் கிளப்ப வெகுநேரம் ஆயிற்று.