கறுக்காத மோதிரம்

“அசல் வெள்ளிதானே?” என்று சுற்றுலாக் கப்பலில் இருந்த கடையில் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் அந்த மோதிரத்தை வாங்கி என் கணவர் விரலில் போட்டேன். கல்யாணமான பிறகு நாங்கள் போன முதல் பயணம் அது.

பேரணாம்பட்டு திரும்பியதும் என் நிம்மதி போனது. அவர் வேலை செய்யும் டேனரிக்குள், தோல் பதனிடும் ரசாயனக் காற்றில், அசல் வெள்ளி ஒரே வாரத்தில் கறுத்துவிடும். அவருடைய பழைய மோதிரம் அப்படித்தான் ஆனது. இதுவோ ஒரு மாதமாகியும் பளபளத்தது. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் விரலுக்குத்தான் போகும்.

“இன்னா வள்ளி, என்னை உட்டுட்டு மோதிரத்தையே பாக்குற?”

“அந்தக் கடைக்காரன் நம்மளை ஏமாத்திட்டான். கழட்டிக் குடுங்க.”

நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சுத்தமான வெள்ளிம்மா.”

அப்படியென்றால் ஏன் கறுக்கவில்லை? வீட்டுக்கு ஓடிவந்து, துவைக்கப் போட்டிருந்த அவர் சட்டையை முகர்ந்தேன். தோல் வாடையே இல்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். “தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு எங்க போறீங்க?”

அவர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார்.

“ஆளுங்களைக் கம்மி பண்ணாங்க, வள்ளி. கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்துலதான் உன்னைக் கப்பலுக்குக் கூட்டினு போனேன்.”