அச்சில் வராத பெயர்

வானவடி தமிழ்க் கிறிஸ்தவ சபையின் குடும்பப் பட்டியல் நாளை அச்சுக்குப் போகிறது. காரியதரிசி மோசஸ், நகரின் மறுகோடியில், வாகட்டில், மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சபையில் வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாததால்தான் இந்தப் படியேறினார்.

"என் இளைய மக எங்களுக்குச் சொல்லாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணினவ. அவ பேர் அச்சுல வரக்கூடாது."

"எக்ஸ்எம்எல் ஃபைல்ல அந்தப் பேரோட 'விலக்கு'ன்னு ஒரு அட்ரிபியூட், அதாவது ஒரு அடையாளக் குறிப்பு, சேர்த்தா போதும், வராது. பட்டியலை அச்சு வடிவமாக்குற எக்ஸ்எஸ்எல்டில அதுக்கு ஒரு விதியும் எழுதணும். பேரைச் சொல்லுங்க."

"நாலு வருஷமா அந்தப் பேரை நான் சொல்றதில்ல. இளைய மகன்னு போடு."

"அப்படி விதி எழுதினா, சபையில உள்ள எல்லா வீட்டு இளைய மகளுக்கும் அந்த அட்ரிபியூட் ஒட்டிக்கும்."

மோசஸ் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். குடும்ப மானம் அவரை எழுந்து போகவும் விடவில்லை. வாயைத் திறக்கவும் விடவில்லை.

"ஃபியோனா" என்றார் கடைசியில்.

அந்தப் பெண் திரையையே பார்த்தபடி பெயரைத் தட்டினாள்.

"சேர்த்துட்டேன். ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போங்க, அப்பா."